கரமனை வீட்டின் மூன்று படிகள்

செந்தில்,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. சாலை பஜாரில் நம் துணிக்கடையில் உன் மேசைமேல் விரித்தபடியே வைத்துவிட்டு வரச் சொல்லி, நம் லோடு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைப் பையன்கள் படித்தால் படிக்கட்டும், துணி எடுக்க வந்தவர்கள் படித்தால் அவர்களும் படிக்கட்டும், வணிகர் சங்கத்து ஆட்கள் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டால் இன்னும் நல்லது. நேரில் பேசலாமே என்பாய். நேரில் பேசினால் நான் இரண்டாவது வார்த்தையிலேயே கத்துவேன். நீ உடனே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, 'ஹலோ, பறயூ' என்று மலையாளத்தில் பேசிக்கொண்டே தெருவுக்கு இறங்கிப் போய்விடுவாய். முந்தாநாள் புதன்கிழமை அதுதானே நடந்தது? காகிதத்தைப் பார்த்து 'ஹலோ' சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா. கரமனையில் நமக்கு ஒரு பழைய வீடு உண்டு. நான் கட்டியது. அதில் ஆறேழு வருஷமாக சுரேஷ் என்ற பட்டாளக்காரனின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எல்லையில் சண்டை மூண்டபோது அவன் அங்கே டியூட்டியில் இருந்தான். பக்கத்தில் வந்து விழுந்த குண்டில் வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. மாதக்கணக்கில் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறான். செயற்கைக் கால் வைக்கிற அளவுக்குப் புண் ஆறவில்லை, அதுவரை சக்கர நாற்காலிதான். வீட்டு வாசலில் தெருவைப் பார்த்து மூன்று படி, ஒவ்வொன்றும் நல்ல உயரம். அந்தப் படியை இடித்து, சுவர் ஓரமாக நாற்காலி இறங்குகிற மாதிரி ஒரு சரிவு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கத்தான் அவன் மனைவி சிந்து புதன்கிழமை கடைக்கு வந்தாள். கட்டுகிற செலவு அவர்களுடையது. பட்டாளத்திலிருந்து வரவேண்டியது அவர்களுக்கு வருகிறது. நம்மிடம் கேட்டது ஒரு 'சரி' மட்டும்தான்.

நான் பின்னால் பேல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன், நீ கவனிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சுரேஷுக்குச் சங்கத்துல நடத்துற ஃபங்ஷன் முடியட்டும் சிந்து, பொறவு பாக்கலாம்" என்றாய். அவள் போகவில்லை. "செந்திலண்ணா, ஃபங்ஷனுக்கு வரணும்னாலும் அந்தப் படி எறங்கித்தானே வரணும்?" என்றாள். நீ சிரித்தாய் லே, அந்த இடத்தில் சிரித்தாய். "அதுக்கு நாங்க ஆள் விடுவோம்லா. ஸ்டேஜுலயும் நாலு பேரு சேந்து சேரோட தூக்கித்தான் ஏத்தப் போறோம். மீடியாக்காரங்க வருவாங்க, பாக்கவும் நல்லாருக்கும்." அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "ஆள் தூக்குறது அவருக்கு இஷ்டமில்ல அண்ணா. ஆஸ்பத்திரியில அத்தன நாளும் யாராவது தூக்கி வச்ச எடத்துலதான் இருந்தாரு. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அந்தப் படி மட்டும் மதி, அது போதும்" என்றாள். அதற்கு நீ சொன்ன பதிலை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. "வாசப்படி மேல கைவைக்க எங்க அப்பா விடமாட்டாரு சிந்து. அது எங்க குடும்பத்துக்கு ஐஸ்வர்யப் படி."

அப்போதுதான் நான் எழுந்து வந்து கத்தினேன். என் பேரை எதற்குடா இழுக்கிறாய் என்று கேட்டேன். நீ போனை எடுத்தாய். சிந்து குடையை எடுத்துக்கொண்டு, 'வரேன் அங்கிள்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற விழா நோட்டீஸை அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். 'வீர ஜவானுக்கு வணிகர்களின் வணக்கம்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. சங்கத் தலைவர் முகம் தேங்காய் அளவு, கன்வீனர் என்று உன் முகம் மாங்காய் அளவு, கீழே மூலையில் சுரேஷின் முகம் தபால்தலை அளவு. அவனுக்குப் பொன்னாடை, கேடயம், பெரிய டிவி. வெட்கமாக இல்லையா? வீட்டைவிட்டு இறங்க வழி இல்லாதவனுக்கு இன்னும் கொஞ்சம் வீட்டுக்குள்ளேயே கிட என்று டிவி கொடுக்கிறீர்கள். இதில் தலைவர் பேசுவார், எம்.எல்.ஏ. பேசுவார், நீ பேசுவாய். அவன் பேசுவதற்கு நோட்டீஸில் இடமே இல்லை, நான் இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் எல்லைக் கிராமத்து மக்களுக்கென்று நீங்கள் லாரி ஏற்றியபோதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். குண்டு விழுந்து வீடு போன ஜனங்கள், பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்திருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்தோம். அவர்களுக்கு நம் கடைத்தெரு என்ன அனுப்பியது? ஓணத்துக்கு வந்து விற்காமல் கிடந்த சரக்கு. மூடிப்போன பள்ளிக்கூடத்தின் சீருடைத் துணி, தைப்பவருக்கே வேண்டாத துணி அது. சாயம் திட்டுத் திட்டாகப் போன நைட்டிகள். குளிரில் வெடவெடக்கிற இடத்துக்கு, நம் ஊர் வேர்வை துடைக்க நெய்த மெல்லிசுத் தோர்த்துத் துண்டு கட்டுக் கட்டாக. குடோன் காலியானதில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த லாரியில் புதுத் துணி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, முன்னால் கட்டிய பேனர். அதிலும் நம் பேர்தான்.

புதன்கிழமை ராத்திரி சோறு போடும்போது இதையெல்லாம் உன் அம்மாவிடம் கொட்டினேன். இவன் யாரைக் கொண்டு இப்படி ஆனான் என்று கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "கண்ணாடியில பாருங்க, தெரியும்" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதை உன்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது மலை உச்சியில், பனியில் ஒரு சண்டை நடந்தது. அப்போது சங்கத்தின் கன்வீனர் நான். கடைத்தெரு முழுக்க பேனர் கட்டினோம். ஜவான் குடும்பங்களுக்குத் துணி இலவசம், பட்டாளத்துக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் போதும். கர்க்கடக மாதம், ஆடியின் விடாத மழை. ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கிச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நனைந்த சேலை, கையில் ஒரு காகிதம். காகிதத்தைப் பார்த்ததும் பேனரைப் பார்த்து வந்தவள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். முதல் போணி ஆகாமல் ஒரு கைக்குட்டைகூடச் சும்மா கொடுக்க மாட்டோம். முதல் வியாபாரத்துக்கு முன்னால் தானம் போனால் அன்றைய நாள் படுத்துவிடும் என்று நம்பி வந்தோம், நம்பித்தான் இருக்கிறோம். "போணி ஆகட்டும்மா, அங்கன தள்ளி நில்லு" என்றேன். அவள், "முதலாளி, எனக்கு..." என்று வாயெடுத்தாள். "எல்லாருக்கும் உண்டும்மா, துணி ஒண்ணும் ஓடிப்போயிராது" என்றேன்.

அவள் பக்கத்துக் கடைக்குப் போனாள். எதிர்க்கடைக்குப் போனாள். அந்த மழையில் எவனுக்குமே போணி ஆகவில்லை, அதனால் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வந்து நம் கடை முன்னால் சாக்கடை ஓரமாக நின்றாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பதினொன்று தாண்டி ஒருத்தர் வந்து இரண்டு கைலி எடுத்தார். நான் அவர் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய மனுஷனாட்டம் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவள் ஏறி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈர நோட்டுகளை என் மேசைமேல் வைத்தாள். "முதலாளி, எனக்குச் சும்மா வேண்டாம். கோடி வாங்கத்தான் வந்தேன். ஆளை மத்தியானம் உச்சைக்குக் கொண்டுவருவாங்க" என்றாள். கோடி என்றால் என்னவென்று யாருக்குச் சொல்ல வேண்டும்? செத்தவர்மேல் போடுகிற புதுத் துணி. புருஷன் பெட்டியில் வந்துகொண்டிருக்கிறான், அவள் காசோடு கடைக்கு வந்திருக்கிறாள். கையில் இருந்த காகிதத்தில் எத்தனை முழம் வேண்டும் என்று அவள் அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தான். அன்றைக்கு விடிந்ததும் என் கடைக்கு விலை கொடுத்து வாங்க வந்த முதல் ஆளே அவள்தான். என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் போணியும் ஆகியிருக்கும், அவளும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

துணியைக் கிழித்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவள் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்போதே கடையைப் பூட்டிவிட்டு அவள் பின்னால் போயிருக்க வேண்டும். போனேனா? இல்லை. அன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஜவான்களின் தியாகம், அவர்கள் குடும்பத்தின் கண்ணீர் என்று அரை மணி நேரம் முழங்கினேன். கை தட்டினார்கள். மறுநாள் காலையிலும் போணிக்காகத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய மடையனுக்குப் பிறந்தவன் நீ, உன்னை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

இன்னும் ஒன்று இருக்கிறது, அது பழங்கதை இல்லை. படியைப் பற்றி சிந்து முதலில் கேட்டது உன்னிடம் இல்லை, என்னிடம். சுரேஷ் ஆஸ்பத்திரியிலேயே இருந்தபோது போன் பண்ணினாள். "ஜோசியர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் மோளே" என்றேன். ஜோசியரிடம் நான் கேட்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. அந்தப் படி கிழக்குப் பார்த்து, ஒற்றைப்படையில், நாள் பார்த்து வைத்தது. வைத்த வருஷம்தான் நீ பிறந்தாய், வாடகைக் கடை சொந்தக் கடை ஆனது. அதை இடித்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அதனால் அவள் தானாக மறந்துவிடட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். ஒற்றைக்கால் புருஷனை வைத்துக்கொண்டு எவள் மறப்பாள்? நான் பதில் சொல்லாததால்தான் அவள் உன்னிடம் வந்தாள். 'அப்பா விடமாட்டாரு' என்று நீ சொன்னது பொய் இல்லை. அது பொய் இல்லை என்பதால்தான் நான் அவ்வளவு சத்தம் போட்டேன். சிந்து என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்தாளே, அப்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேற்று காலை பஸ் பிடித்துக் கரமனைக்குப் போனேன். சுரேஷ் முன்னறையில் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான், ஆனால் வாய் குறையவில்லை. "வாங்க அங்கிள், எழுந்து நிக்கலேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை தரம் வெளியே போனாய் என்று கேட்டேன். டாக்டரிடம் போக இரண்டு தரம். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் வேலையை விட்டு வந்து, நாற்காலியோடு தூக்கி ஆட்டோ பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு தரம் படியில் ஒருத்தர் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்துவிட்டது, தையல் போட்ட இடத்தில் அடி. அதற்குப் பிறகு அவன் யாரையும் கூப்பிட விடுவதில்லை என்று சிந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விழாவைப் பற்றிக் கேட்டேன். "நாலு பேரு சேந்து தூக்குறது ஆளுக்கு ஒரு தடவதான் அங்கிள், அது நேரம் வரும்போது நடக்கும். இப்பவே எதுக்கு?" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "எனக்கு அந்த முக்குல இருக்குற டீக்கடை வரைக்கும் நானா போணும். ஒரு சாயா குடிச்சுட்டு நானா திரும்பி வரணும். அவ்வளவுதான் அங்கிள்" என்றான். முக்குக் கடை அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த விழாவுக்கு எத்தனை கூட்டம் போட்டீர்கள், எத்தனை நோட்டீஸ் அடித்தீர்கள்! இவனிடம் ஒரு தரமாவது போய், தம்பி, உனக்கு என்னடா வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? நீ கேட்டாயா? வாடகை எடுக்க மாதா மாதம் அந்தத் தெருவுக்குப் போகிறவன் நீ. கொடுப்பது பெரிய காரியம் என்று உன்னை நினைக்க வைத்தவன் நான், கை தட்டுகிற இடத்தில் உன்னைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தவனும் நான். ஆனால் உனக்கு இப்போது நாற்பது வயது லே. இனியும் அப்பா சொல்லிக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. யாருக்காவது எதையாவது கொடுக்கத் தோன்றினால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போ, உட்கார், கேள். அவர்கள் கேட்பது உன் நோட்டீஸில் போடுகிற மாதிரி இருக்காது. படியை இடி என்பார்கள், ரேஷன் ஆபீஸுக்குக் கூட வா என்பார்கள், பேசாமல் கொஞ்ச நேரம் இரு என்பார்கள். அதைச் செய்ய மனசு இல்லையென்றால் பொன்னாடையை அலமாரியிலேயே வைத்துக்கொள். யாரும் குளிரில் சாகப்போவதில்லை.

இன்று காலை ஏழு மணிக்கு ஒரு மேஸ்திரியையும் கூட இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு கரமனைக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை சுரேஷின் முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தெருவில் இரண்டு பேர் வந்து, "முதலாளி, வெள்ளிக்கிழமையா வாசப்படியை இடிக்கிறது?" என்று கேட்டார்கள். மேஸ்திரியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இல்லை என்று சொன்னால் பொய். சம்மட்டியை வாங்கி முதல் அடியை நான் போட்டேன், குறி தவறி ஓரத்தில்தான் பட்டது. இரண்டாவது அடியில் கல் பெயர்ந்தது. சுரேஷ் உள்ளே இருந்து, "அங்கிள், ஆர்மிக்கு எடுக்க மாட்டாங்க" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். படி போய்விட்டது செந்தில். ஐஸ்வர்யம் போகிறதா இல்லையா என்று நாம் இரண்டு பேரும் பார்க்கலாம். போனால் போகட்டும்.

சரிவு கட்டி முடிய நாளை சாயங்காலம் ஆகும். அதற்கப்புறம் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், அதுவரை சக்கரமோ காலோ அதன்மேல் படக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சுரேஷ் உன் விழாவுக்கு வரமாட்டான். வரமுடிந்தாலும் வரமாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். தூக்கிக்கொண்டு வர நாலு பேரை அனுப்பி வைத்தாயோ, வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன், சம்மட்டியும் இங்கேதான் இருக்கும். நோட்டீஸ் அடித்தாயிற்று, எம்.எல்.ஏ.விடம் சொல்லியாயிற்று, இனி விழாவை நிறுத்த முடியாது என்பாய். நிறுத்த வேண்டாம், நடத்து. மேடையில் நடு நாற்காலி காலியாகக் கிடக்கட்டும். ஜவான் எங்கே என்று ஜனங்கள் கேட்பார்கள். மைக்கை எடுத்து, அவர் வீட்டைவிட்டு இறங்கி வர வீட்டுக்காரன் இந்த வாரம்தான் சம்மதித்தான் என்று சொல். அந்த வீட்டுக்காரன் யார் என்று கேட்டால் என் பேரைச் சொல், கூடவே உன் பேரையும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா